கஞ்சாப் புகையில் புகையிலையின் பங்கு

புகையிலைச் செடி, கத்தரியும் உருளைக்கிழங்கும் அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் வழியாக இந்நாட்டை வந்தடைந்தது. கஞ்சாச் செடியோ ஆசியாவைத் தாயகமாகக் கொண்டது. மிகப் பழங்காலந்தொட்டே இங்கு அறியப்பட்டது. முன்னதன் வீரியம் நிகோடின் என்னும் ஆல்கலாய்டில் அடங்கியுள்ளது. பின்னதன் வீரியம், பெண் செடியின் பூங்கொத்துகளில் சுரக்கும் பிசினில் உள்ள டெட்ராஹைட்ரோகன்னபினால் என்னும் பொருளில் அடங்கியுள்ளது. டி.எச்.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். தாயகத்தாலும் ரசாயன அமைப்பாலும் உடலில் செயற்படும் விதத்தாலும் வேறுபட்ட இவ்விரு செடிகளும், சிலும்பி என்னும் ஒரு சிறு மண் குழலில் ஒன்று சேருகின்றன. இந்தியாவில் கஞ்சாவைப் புகைப்போர் பெரும்பாலும் அதனைத் தனியே புகைப்பதில்லை. புகையிலையுடன் கலந்தே புகைக்கின்றனர்.

இச்செய்தி புதியதன்று. ஆயினும் இதன் விளைவு போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. சுகாதார ஊழியர் ஒருவர் வீடு வீடாகச் சென்று, "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று வினவுகிறார் எனக் கொள்வோம். நாள்தோறும் கஞ்சா உபயோகிக்கும் ஒருவர் "இல்லை" என்று விடையளிக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பீடியோ சிகரெட்டோ அவர் வாங்குவதில்லை. கஞ்சாவில் சேர்க்கும் புகையிலையை, அடுப்புப் பற்றிக்கொள்வதற்காக இடும் சருகைப் போன்ற ஒரு துணைப்பொருளாகவே அவர் கருதி வந்திருக்கிறார். பதிவேட்டில் புகையிலைக்குரிய கட்டத்தில் "இல்லை" என்று எழுதப்படுகிறது. அவருடைய உடலில் மட்டும் நிகோடின் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இத்தவறுக்கு மொழி வழக்கும் ஓரளவு காரணமாகிறது. தமிழில் பீடியைக் 'குடிப்பது' என்றும் கஞ்சாவை 'அடிப்பது' என்றும் பேச்சில் வழங்குகின்றனர். வினைச்சொற்கள் வேறாகும்போது செயல்களும் வேறு என்ற எண்ணம் எளிதில் உண்டாகிறது. இந்தியில் இரண்டையும் 'பீனா', அதாவது 'குடித்தல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். ஆங்கில வினாத்தாளில் உள்ள பொதுச்சொல் தமிழில் 'புகைபிடிக்கும் பழக்கம்' எனப் பெயர்க்கப்பட்டவுடன், அது சிகரெட்டு, பீடி, சுருட்டு ஆகியவற்றுக்கு மட்டுமே உரியதாக மக்களால் கொள்ளப்படுகிறது. அகராதிப்படி மொழிபெயர்ப்புச் சரியே. கிடைக்கும் விடைதான் சரியாக இருப்பதில்லை.

இவ்வழக்கம் தோன்றிய விதம்

போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-ஆம் ஆண்டில் கோவாவில் அச்சிட்ட மூலிகை நூலில் பாங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். தூள் செய்து பிற பொருள்களுடன் சேர்த்து உண்ணப்படும் ஒன்றாகவே அதனை அவர் விவரிக்கிறார். அக்காலத்தில் இந்தியாவில் கஞ்சாச் செடியின் உபயோகம் உண்பதும் குடிப்பதுமாகவே பெரிதும் இருந்தது. புகையிலை அப்பொழுதுதான் போர்ச்சுகீசியர் வாயிலாகத் தென்னாட்டுத் துறைமுகங்களில் பரவத் தொடங்கியிருந்தது. அக்பரின் அரண்மனைக்கு அது, பிஜப்பூர் சென்று திரும்பிய அசாத் பேக் என்னும் அதிகாரியால் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்டது. 1617-இல் ஜஹாங்கீர் புகைபிடிப்பதைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். ஆணை பயன் தரவில்லை. ஹூக்காவும் சிலும்பியும் நாடெங்கும் பரவின. புகையிலைக்கென உண்டான அக்கருவிகளே கஞ்சாவுக்கும் பயன்பட்டன. கருவியைத் தந்த செடி, கருவியை விட்டு நீங்காமல் அதிலேயே தங்கிவிட்டது எனலாம்.

1893-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இச்செடியின் பொருள்களைப் பற்றி விசாரிக்க ஏழு உறுப்பினர் கொண்ட ஒரு கமிஷனை நியமித்தது. மாக்வொர்த் யங் என்பவர் அதன் தலைவர். உறுப்பினருள் மூவர் இந்தியர். கமிஷன் 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பெற்று 1894-இல் தன் அறிக்கையை அளித்தது. இலையிலிருந்து பெறும் பாங்கு, பூங்கொத்தாகிய கஞ்சா, பிசினாகிய சரஸ் என மூன்று பொருள்களை அது பிரித்துக் காட்டியது. இவற்றுள் பாங்கு பெரும்பாலும் அரைத்துக் குடிக்கப்படுவது. எஞ்சிய இரண்டும் பெரும்பாலும் புகைக்கப்படுவன. புகைக்கப்படும் இரண்டிலும் புகையிலை சேர்க்கப்படுவதைக் கமிஷன் பல மாகாணங்களிலும் கண்டு பதிவு செய்தது. எனினும் அதன் விசாரணை முழுவதும் கஞ்சாவால் விளையும் நன்மை தீமைகளைப் பற்றியதாகவே இருந்தது. புகையிலையின் பங்கு என்ன என்பது தனி வினாவாக எழவில்லை. நிகோடின் ஒருவரை எவ்வாறு அடிமைப்படுத்துகிறது என்பது அக்காலத்தில் தெளிவுபடாமையால் கமிஷனைக் குறை கூறுவதற்கில்லை.

அவ்வறிக்கையில் இன்றைய களப்பணியாளர் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு பகுதி உண்டு. மனநோய் விடுதிகளில் சேர்க்கப்பட்டோரின் பதிவேடுகளில், நோய்க்குக் காரணம் 'கஞ்சா' என எழுதப்பட்டிருந்தவற்றைக் கமிஷன் ஆராய்ந்தது. அக்காரணத்தைப் பல சந்தர்ப்பங்களில் எழுதியவர் வைத்தியர் அல்லர். நோயாளியை அழைத்து வந்த போலீஸாரோ மாஜிஸ்திரேட்டோ தந்த விவரமே விசாரணையின்றி ஏறியிருந்தது. நிரப்பப்பட வேண்டிய ஒரு கட்டம் இருந்ததால் அது நிரப்பப்பட்டது. அன்று ஒரு காரணம் ஆதாரமின்றி எழுதப்பட்டது. இன்று ஒரு காரணம் கேட்கப்படாமலே விடப்படுகிறது. பதிவேட்டின் குறை இரண்டிலும் ஒன்றே.

கலக்கும் முறையும் காரணங்களும்

இந்திய மருந்தியலின் முன்னோடியான ராம்நாத் சோப்ராவும் ஐ. சி. சோப்ராவும் 1957-இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் பற்றிய சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில், இந்நாட்டில் கஞ்சா உபயோகிக்கப்படும் முறைகளை விளக்கியுள்ளனர். சிலும்பி தயாரிக்கும் முறை பெரும்பாலும் எல்லா மாநிலங்களிலும் ஒன்றே. கஞ்சாவின் காம்பும் விதையும் நீக்கப்படும். சிறிது நீர் தெளித்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நெடுநேரம் கசக்கப்படும். பிறகு அது சிறு துணுக்குகளாக நறுக்கப்பட்டு, புகையிலையுடன் சேர்க்கப்படும். சிலும்பியின் அடித்துளையில் ஒரு சிறு கல்லை இட்டு, அதன்மேல் கலவையை நிரப்பி, நெருப்புத் துண்டை வைப்பர். அடிப்பகுதியில் ஈரத்துணியைச் சுற்றி, இரு கைகளையும் குவித்துப் பிடித்து, வாய் குழலில் நேராகப் படாதபடி இழுப்பர். ஒருவர் இழுத்தபின் அடுத்தவர் கைக்கு அது செல்லும்.

நீரில் கசக்குவதால் கஞ்சாவின் 'சூடு' தணிகிறது என்பது புகைப்போரின் நம்பிக்கை. பிசின் நீரில் கரையாது, ஆகவே டி.எச்.சி. கழுவப்பட்டுப் போவதில்லை. தொண்டையை உறுத்தும் சில பொருள்கள் நீங்கலாம், அவ்வளவே. மாறாக நிகோடின் நீரில் நன்கு கரைவது. ஆனால் புகையிலை சேர்க்கப்படுவதோ கசக்கிய பின்னர். எனவே கழுவினால் குறையக்கூடிய பொருள் கழுவப்படுவதே இல்லை. ஈரத்துணி புகையைக் குளிரச் செய்து சாம்பல் துகளைத் தடுக்கும். அதனால் புகை மிருதுவாகத் தோன்றும். மிருதுவான புகையை ஆழமாக இழுக்க முடிகிறது என்பதே அதன் உண்மைப் பயன். ஹூக்காவின் நீரைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். நீர் வழியாக வந்த புகையிலும் நிகோடின் போதிய அளவு இருப்பதனாலேயே ஹூக்கா புகைப்போரும் அதற்கு அடிமைப்படுகின்றனர்.

புகையிலையைச் சேர்ப்பதற்குரிய காரணங்கள் பல. முதலாவது, எரிதல் பற்றியது. சரஸ் ஒட்டும் தன்மையுள்ள பிசின். அது தனியே சீராக எரியாது. அதனைத் தாங்கி எரிவதற்கு ஒரு பொருள் வேண்டும். கைகளில் கசக்கிய ஈரக் கஞ்சாவின் நிலையும் அத்தகையதே. நன்றாக உலர்ந்து சீராகக் கனலும் புகையிலை இதற்கு ஏற்றதாய் அமைந்தது. இரண்டாவது, சிக்கனம். விலை மிகுந்த பொருளை விலை குறைந்த பொருளுடன் சேர்த்து நால்வருக்குப் போதுமாறு செய்கின்றனர். மூன்றாவது காரணத்தைப் புகைப்போரே பெரும்பாலும் அறிவதில்லை. புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை அடைகிறது. ஒருவித விறுவிறுப்பும் இலேசான தலைச்சுற்றலும் உண்டாகின்றன. கஞ்சாவின் மயக்கம் முழுமையாகத் தோன்றச் சில நிமிஷங்கள் செல்லும். 'சரக்கு நல்ல சரக்கு' என்று அவர் உடனே பாராட்டும்போது, அந்த முதற் பாராட்டுக்கு உரியது பல வேளைகளில் புகையிலையே.

சிக்கனத்தைப் பற்றி ஓர் ஆய்வைக் குறிப்பிடலாம். நெதர்லாந்தில் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர் கஞ்சா மட்டும் அடங்கிய சுருள்களையும், புகையிலையுடன் பல விகிதங்களில் கலந்த சுருள்களையும் இயந்திரத்தின் மூலம் புகைக்கச் செய்து, புகையில் சேர்ந்த டி.எச்.சி.யை அளந்தனர். 2009-இல் வெளியான அவ்வாய்வின்படி, புகையிலை சேர்ந்தபோது ஒவ்வொரு கிராம் கஞ்சாவிலிருந்தும் புகைக்கு வந்து சேர்ந்த டி.எச்.சி.யின் அளவு கூடியது. எரியும் விதம் மாறுவதால் வீணாகும் பகுதி குறைகிறது. ஆகவே கலப்பதில் சிக்கனம் உண்டு என்ற பழைய எண்ணம் முற்றும் பொய்யன்று. ஆனால் கஞ்சாவில் மிச்சப்படுத்தியதற்கு ஈடாக நிகோடின் என்னும் வட்டி செலுத்தப்படுகிறது.

சிலும்பி ஒன்றே வழியன்று. நகரங்களில் பீடியின் அல்லது சிகரெட்டின் தூளைப் பாதி உதிர்த்துவிட்டு, அதனுடன் கஞ்சாவைக் கலந்து மீண்டும் அடைக்கின்றனர். இதற்கெனவே மெல்லிய தாளும் தாள்குழலும் கடைகளில் விற்கப்படுகின்றன. வட மாநிலங்களில் ஹூக்காவுக்கும் சிலும்பிக்கும் உபயோகிக்கப்படும் நாட்டுப் புகையிலையுள் 'ருஸ்டிகா' இனத்தைச் சேர்ந்ததும் உண்டு. சிகரெட்டுக்குரிய இனத்தைவிட அதில் நிகோடின் மிகுதி. ஆகவே 'ஒரு சிட்டிகைதான்' என்று ஒருவர் கூறினால், எந்தப் புகையிலையில் ஒரு சிட்டிகை என்பதையும் கேட்டறிதல் நலம்.

உலகெங்கும் இவ்வழக்கம் ஒரே அளவில் இல்லை. 2014-இல் பல நாடுகளில் இணைய வழியாக நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஐரோப்பிய நாடுகளில் விடையளித்த கஞ்சா உபயோகிப்போருள் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் புகையிலையுடன் கலந்தே புகைப்பதாகக் கூறினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறு கூறியவர் மிகச் சிலரே. புகையிலை இன்றியும் கஞ்சாவைப் புகைக்க இயலும் என்பதும், கலத்தல் வழக்கத்தைப் பொறுத்ததேயன்றி இயற்கையின் கட்டாயம் அன்று என்பதும் இதனால் விளங்கும். மேலைநாட்டு நூல்களை வாசிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கஞ்சாவை மட்டும் புகைப்போரிடம் கண்ட முடிவுகளை, இரண்டையும் கலந்து புகைக்கும் இந்தியரிடம் அப்படியே பொருத்திப் பார்த்தல் பிழையாகும்.

உடலில் இரண்டின் போக்கு

டி.எச்.சி.யின் அமைப்பை 1964-இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான கவோனியும் மெக்கூலமும் கண்டறிந்தனர். மூளையில் அது சென்று பற்றும் ஏற்பிகள் 1988-இல் இனங்காணப்பட்டன. நிகோடின் பற்றும் ஏற்பிகள் வேறு. அவை அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளுக்கு உரியவை. பூட்டுகள் வேறாயினும் அவை உள்ள வீடு ஒன்றே. மூளையில் இன்ப உணர்வையும் பழக்கத்தையும் ஆளும் பகுதிகளில் இரண்டும் செயற்படுகின்றன.

இவ்விரண்டையும் பிரித்தறியக் களப்பணியாளருக்கு எளிதான அடையாளம், காலக் கணக்கு. நிகோடினின் பாதி அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தை விட்டு நீங்குகிறது. அளவு குறையக் குறைய எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுகின்றன. மீண்டும் புகைத்தவுடன் அவை மறைகின்றன. டி.எச்.சி.யோ கொழுப்பில் கரைந்து தங்குவது. நாள்தோறும் உபயோகிப்பவரின் உடலிலிருந்து அதன் எச்சங்கள் முழுதும் நீங்கப் பல நாள்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். அத்தகையவருக்குக் கஞ்சாவின் குறைவால் உண்டாகும் தொல்லைகள் பொதுவாக ஒரு நாள் கழித்தே தொடங்குகின்றன.

காலையில் கண்விழித்த அரை மணிக்குள் ஒருவருக்குச் சிலும்பி வேண்டியிருக்கிறது; அதன்பின் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை வேலையை விட்டெழுந்து புகைக்கிறார் எனில், அந்த அவசரத்தின் காரணம் யாது? இரவு முழுவதும் புகைக்காததால் குறைந்துபோனது நிகோடினே. கஞ்சா அவர் உடலில் இன்னும் மிகுந்திருக்கிறது. தம்மைக் கஞ்சாவுக்கு அடிமையானவர் என்று அவர் நினைக்கிறார்; குடும்பத்தாரும் அவ்வாறே நினைக்கின்றனர். அவரை மணிக்கு மணி அழைப்பது புகையிலை. வாரம் ஒரு முறை நண்பர் கூட்டத்தில் மட்டும் புகைத்துவந்த இளைஞர், சில மாதங்களில் நாள்தோறும் தேடத் தொடங்குவதிலும் நிகோடினுக்குப் பங்கு இருக்கக்கூடும். பாங்கு மட்டும் குடிப்பவருக்கு இந்த மணிக்கணக்கு இல்லை; அவருக்கு வேறு தீங்குகள் நேரலாம், ஆனால் நிகோடின் அவருள் புகுவதில்லை.

இது பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். சிகரெட்டைத் தொடாத மாணவன் முதன்முதலில் நிகோடினை அறிவது கஞ்சாச் சுருளில் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மாணவர்களைப் பள்ளிப் பருவத்திலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. முன்பு புகையிலைப் பழக்கம் இல்லாதவராயினும், வாரந்தோறும் கஞ்சா உபயோகித்தவர்கள் பிற்காலத்தில் புகையிலையைத் தொடங்குவதும் நிகோடினுக்கு அடிமைப்படுவதும் மிகுதியாக இருந்ததை அவ்வாய்வு காட்டியது. புகையிலையிலிருந்து கஞ்சாவுக்குச் செல்வதே வழி என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. வழி இரு புறமும் திறந்தே இருக்கிறது.

நுரையீரலைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டுவதில்லை. எந்த இலை எரிந்தாலும் கார்பன் மானாக்ஸைடும் தாரும் உண்டாகும். 1988-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், கஞ்சாவையும் புகையிலையையும் தனித்தனியே புகைத்தவர்களை ஒப்பிட்டபோது, கஞ்சாவைப் புகைக்கையில் இரத்தத்தில் கார்பன் மானாக்ஸைடு ஏறிய அளவு ஏறக்குறைய ஐந்து மடங்காகவும், உள்ளிழுத்த தார் ஏறக்குறைய மூன்று மடங்காகவும் இருந்தன. கஞ்சாவின் ரசாயனத்தைவிடப் புகைக்கும் முறையே இதற்குப் பெரிதும் காரணம்: வடிகட்டி இல்லை, இழுப்பு ஆழமானது, புகையை உள்ளே நிறுத்திவைக்கின்றனர். மூச்சை நீண்ட நேரம் அடக்குவதால் போதை பெரிதும் கூடுவதில்லை எனச் சோதனைகள் காட்டியுள்ளன. தார் படிவதுதான் கூடுகிறது. கலவையைப் புகைப்பவர், கஞ்சாவை இழுக்கும் அதே முறையில் புகையிலையையும் இழுக்கிறார். சிகரெட்டை மட்டும் புகைப்பவர் அவ்வளவு ஆழத்தில் இழுத்து அடக்குவது அரிது. 'நாளைக்கு இரண்டே இரண்டு' என்ற கணக்கை, சிகரெட்டின் இரண்டாக எண்ணிவிடக் கூடாது.

விட முயலும்போது நேர்வது

கஞ்சாவை நிறுத்துவோருக்கு எரிச்சல், உறக்கமின்மை, பசிக்குறைவு, கலக்கமான கனவுகள் முதலியன தோன்றும். இவை முதல் வாரத்தில் மிகுந்து, இரண்டு வாரங்களிலோ அதற்குச் சிறிது பின்னரோ தணியும். நிகோடினை நிறுத்துவோருக்கும் எரிச்சலும் உறக்கக் குறைவும் உண்டு. ஆனால் அவை சில மணி நேரத்திலேயே தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை அடையும். பசி குறைவதற்குப் பதிலாகக் கூடும். கலவையைப் புகைத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு தொல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. முதல் நாள் மாலையிலேயே தாங்க முடியாத வேதனை ஏற்படும்போது, 'கஞ்சா என்னை விடாது' என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். அம்முதல் மாலையின் வேதனை பெரும்பாலும் புகையிலையால் வந்தது. அதற்கு மருந்து உண்டு.

கஞ்சாப் பழக்கத்தை நீக்குவதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஆலோசனையும் ஆதரவுமே வழி. நிகோடினுக்கோ பலவகைச் சிகிச்சைகள் உள்ளன. 2 மில்லிகிராம் நிகோடின் அடங்கிய மெல்லும் கோந்து மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 'எனக்குப் புகையிலைப் பழக்கமே இல்லை' என்று கூறிய ஒருவருக்கு இச்சிகிச்சையை யாரும் அளிப்பதில்லை. பதிவேட்டில் தவறாக ஏறிய ஒரு சொல், கைக்கெட்டும் உதவியை இவ்வாறு தடுத்துவிடுகிறது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. கஞ்சாவை விட்டவர் அதன் இடத்தில் பீடியைப் பற்றிக்கொள்கிறார். குடும்பத்தார் 'பீடிதானே' என்று மகிழ்கின்றனர். முன்பு நாளைக்கு மூன்று சிலும்பி புகைத்தவர் இப்பொழுது ஒரு கட்டுப் பீடி புகைக்கிறார். சில மாதங்களுக்குப் பின், பீடியின் புகையும் தீக்குச்சியின் வாசனையும் கைப்பழக்கமும் பழைய நினைவை எழுப்ப, மீண்டும் கஞ்சாவிடம் செல்கிறார். அவ்வாறே, சிகரெட்டை விட்டுவிட்டுச் சனிக்கிழமைதோறும் கலவையை மட்டும் புகைப்பவர், வாரத்திற்கு ஒரு முறை நிகோடினைச் சுவைத்துப் பழைய பழக்கத்தைப் புதுப்பித்துக்கொள்கிறார். தம் முயற்சி ஏன் தோல்வியுறுகிறது என்பது அவருக்கு விளங்குவதில்லை. இரண்டையும் ஒருங்கே விடுவதா, ஒன்றன்பின் ஒன்றாக விடுவதா என்பதை அவரவர் நிலையையும் விருப்பத்தையும் நோக்கிச் சிகிச்சையாளர் தீர்மானிக்கலாம். இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன என்பதை இருவரும் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

விசாரிக்கும் முறை

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ள இந்தியருள் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், அதாவது 2.8 சதவீதத்தினர், கஞ்சாச் செடியின் பொருள்களுள் ஏதேனும் ஒன்றை ஆய்வுக்கு முந்தைய ஓராண்டில் உபயோகித்திருந்தனர். பாங்கு உபயோகித்தவர் சுமார் 2.2 கோடி; கஞ்சாவோ சரஸோ உபயோகித்தவர் சுமார் 1.3 கோடி. சிலர் இரண்டிலும் அடங்குவர். இந்த 1.3 கோடிப் பேருள் கலவையைப் புகைப்போர் எத்தனை பேராயினும், அவர்கள் அனைவரையும் புகையிலைத் தடுப்புப் பணிக்கும் உரியவராகக் கொள்ளுதல் வேண்டும்.

'புகைபிடிப்பீர்களா?' என்பதற்குப் பதிலாக, 'எதை எதைப் புகைக்கிறீர்கள்?' எனக் கேட்பது மேல். கஞ்சா உபயோகம் தெரியவந்தால், 'எதனுடன் சேர்த்து? எவ்வளவு புகையிலைக்கு எவ்வளவு கஞ்சா? காலையில் முதலாவது எப்பொழுது? கஞ்சா கிடைக்காத நாளில் என்ன செய்வீர்கள்?' என்று தொடரலாம். கடைசி வினா மிகவும் பயனுள்ளது. 'ஒரு பீடி பற்றவைப்பேன்' என்று விடை வந்தால் நிகோடினைப் பற்றி மேலும் ஐயுற வேண்டுவதில்லை. கண்டிக்கும் குரலில் கேட்டால் இவற்றுள் ஒன்றுக்கும் உண்மையான விடை கிடைக்காது. சிறுநீரில் கோட்டினின் என்னும் பொருளைச் சோதித்தும் புகையிலை உபயோகத்தை அறியலாமெனினும், கிராமத்தில் நல்ல முறையில் கேட்கப்படும் கேள்வியே அதைவிட எளிது.

சட்டத்தைப் பற்றி மக்கள் அஞ்சுவது இயல்பு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சாவையும் சரஸையும் தடை செய்வதோடு, நடுநிலைப் பொருளுடன் சேர்ந்தோ சேராமலோ உள்ள அவற்றின் கலவையையும் அவ்வாறே கருதுகிறது. கலவையில் சேர்ந்த நடுநிலைப் பொருளின் எடையையும் கணக்கிற் கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கில் நடுநிலைப் பொருள் என்பது போதைச் சரக்கின் எடையைப் பெருக்குவது. உடலின் நோக்கில் புகையிலை எவ்வாற்றானும் நடுநிலைப் பொருள் அன்று. சிறிய அளவு வைத்திருந்தமைக்கோ உபயோகித்தமைக்கோ குற்றஞ்சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கும் அச்சட்டத்தின் 64-ஏ பிரிவில் உண்டு. இப்பிரிவைப் பலர் அறியார். களப்பணியாளர் அறிந்து சொல்லுதல் வேண்டும்.

புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும், பிற போதைப் பழக்கங்களை விட விரும்புவோர் 14446 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். எண்கள் இரண்டாக இருப்பதால், கலவையைப் புகைப்பவர் ஒன்றை மட்டும் அழைத்து ஒரு பாதியை மட்டுமே கூறிவிட நேரலாம். இரண்டையும் உபயோகிப்பதாக முதலிலேயே கூறுமாறு அவரிடம் சொல்லியனுப்புவது நலம்.

ஏற்கெனவே மருந்து உண்பவர்களிடம் ஒரு சிறப்பு எச்சரிக்கை தேவைப்படுகிறது. எரியும் இலையின் புகையில் உள்ள சில பொருள்கள், ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றைத் தூண்டுகின்றன. இதனைச் செய்வது நிகோடின் அன்று, புகையே. புகையிலைப் புகைக்கும் கஞ்சாப் புகைக்கும் இது பொது. மனநோய்க்குக் க்ளோசபின் உட்கொள்பவரும், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் உட்கொள்பவரும் புகைப்பதைத் திடீரென நிறுத்தினால், அதே அளவு மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகக்கூடும். அத்தகையோர் புகைப்பதை நிறுத்தும் நாளை முன்னதாகவே வைத்தியருக்குத் தெரிவித்து, மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.